கையெல்லாம் கடலெண்ணெய்!

"ஐயோ... எம் புருஷன்...!"

காலை ஆறரை மணி. சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலை. ஷிஃப்டுக்கு வந்த பெண்கள் தலையில் வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த அலறல் கேட்டது.

அலறியவள் ரோஜா. பழம் வெட்டும் பிரிவில் ஆறு வருடமாக வேலை பார்ப்பவள்.

காய் இறக்கும் ஷெட்டில், கிரேட்டுகளுக்கு நடுவே கிடந்தான் அவள் கணவன் குணா. பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் லாரி ஜாக்கி ராடு ஒன்று ரத்தத்தோடு கிடந்தது.

அவனைத் தூக்க முயன்றுகொண்டிருந்தான் ஓர் இளைஞன். சட்டை முழுக்க ரத்தம்!

பிக்ரம்... ஒடிசாக்காரன்!

அப்புறம் என்ன? காபி குடிக்கும் முன்பே ஊருக்குக் கொலைகாரன் கிடைத்துவிட்டான்!

மேனேஜர் தருண் ஓடிவந்தான். பிக்ரமைத் தரதரவென்று இழுத்துப்போய்த் தன் அறையில் தள்ளிப் பூட்டினான். ரோஜாவைப் பெண்கள் பழம் வெட்டும் ஹாலில் உட்கார வைத்தார்கள். ஹால் கதவையும் தருண் சாத்தினான். போலீஸ் வரும்வரை உள்ளே இருப்பவர் வெளியே போகக்கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே வரக்கூடாது...

வெளியே ஆட்கள் இருந்தார்கள். கேட்டுக்கு முன்னால் நாற்பது பேர்!

ஒன்பது நாளாக அங்கேதான் இருக்கிறார்கள். எல்லோரும் காய் இறக்கும் லோடு ஆட்கள். உள்ளூர்த் தமிழர்கள். நாள் கூலி தொள்ளாயிரம் வாங்கியவர்கள். இந்த சீசனில் தொழிற்சாலை, ஏஜென்ட் மூலமாக ஒடிசாவிலிருந்து முப்பது பேரை ஐந்நூற்றைம்பதுக்கு இறக்கிவிட்டது. நாற்பது பேரும் ஒரே நாளில் வீட்டுக்கு!

அன்றிலிருந்து போராட்டம். தலைவர் முனிரத்தினம் மேஸ்திரி. ரோஜாவின் அப்பா. செத்துக் கிடக்கும் குணாவுக்கு மாமனார்.

*

எஸ்.ஐ. பிரீத்தி ஜீப்பிலிருந்து குதித்தபோது மணி ஏழு. நகரியில் விசைத்தறிக் குடும்பத்தில் பிறந்தவள். தெலுங்கில் அதட்டுவாள், தமிழில் திட்டுவாள்.

பின்னால் ஹெட் கான்ஸ்டபிள் ரவி.

"கேஸ் முடிஞ்சிருச்சி மேடம். சாட்சியே இருக்குது."

"நீயே ஜட்ஜ்மென்ட்டும் எழுதிடு ரவி. நான் போய் டிபன் துன்றேன்!"



பிரீத்தியின் செல் அடித்தது. மேலதிகாரி.

"பிரீத்தி, கேட்டுல கூட்டம் சேருது. மதியத்துக்குள்ள அந்த ஒடிசாப் பையன ரிமாண்ட் பண்ணி முடிச்சிடு."

"அவன் பண்ணலன்னா சார்?"

"அத கோர்ட்டு பாத்துக்கும்!"

லைன் கட்.

கோர்ட்டு பார்க்க எத்தனை வருடம் ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். அதுவரை அந்தப் பையன் உள்ளே கிடக்க வேண்டியதுதான். கேட்க நாதி இல்லாதவன். அவளுக்கு எரிச்சலாக வந்தது.

ஷெட்டுக்குள் போனாள். கையுறை மாட்டிக்கொண்டு ஜாக்கி ராடைத் தூக்கினாள். ஒரு முனையில் ரத்தம். கைப்பிடிப் பக்கம் வெறும் செம்மண் தூசி.

குணாவின் சட்டையைக் குனிந்து பார்த்தாள். இரண்டு அக்குளிலும் ஈரமாக, பிசுபிசுப்பாக ஏதோ அப்பியிருந்தது. மோந்து பார்த்தாள்.

கடலெண்ணெய்!

மேனேஜர் அறைக் கதவைத் திறந்தாள்.

பிக்ரம் சுவரோரம் குந்தியிருந்தான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. 

"கைய காட்டு."

நீட்டினான்.

உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். தோல் கறுத்து உரிந்திருந்தது. அதன்மேல் எண்ணெய் பளபளத்தது.

"இன்னா ரவி இது?"

"மாங்கா பால் மேடம். காம்புல இருந்து ஒழுகும் பாருங்க, அது பட்டா தோலு வெந்துரும். நம்ம ஆளுங்க காய தொடறதுக்கு மின்னாடியே கை நெறய கடலெண்ணெ பூசிக்குவாங்க. இவனுங்களுக்கு அது தெரியாது."

"யாரும் சொல்லலயா?"

"எப்டி சொல்வாங்க? கை வெந்துச்சின்னா அவனுங்களே ஓடிருவானுங்கன்னு காணிப்பாக்கம் புள்ளயார் கோயில்ல போய் சத்தியமே பண்ணிக்கினாங்க மேடம்! நாப்பது பேரும்!"

"அப்ப இவன் கையில எண்ணெ எப்டி வந்துச்சி?"

பிக்ரமுக்குத் திருப்பூரில் மூன்று வருடம் பனியன் கம்பெனி வேலை. உடைந்த தமிழ் வந்தது.

"குணா பாய் குடுத்தான்... காலைல... அஞ்சு மணி."

"குணாவா? அவன் வெளிய போராட்டத்துல இருக்கிற ஆளாச்சே!"

"பின்னாடி செவுரு... கொட்டை கொட்ற இடம்... அங்க ஓட்டை. அதுல வந்தான். என் கை பாத்து அழுதான் மேடம். எண்ணெய் பூசினான். சொன்னான்... உன் ஆளும் வெளிய வா. நம்ம எல்லாம் ஒண்ணா உக்காரலாம். எல்லாருக்கும் ஒரே கூலி. அப்ப கம்பெனி யாரையும் வச்சி யாரையும் அடிக்க முடியாது..."

"நீ இன்னா சொன்ன?"

"நான் ஓடிப்போய் ஆளுங்கள எழுப்பினேன். முப்பது பேரும் சரி சொன்னான். சந்தோசமா திரும்பி வந்தேன்... குணா பாய்..."

குணா அவனுக்கு யாரோ. ஒன்பது நாளில் அவனை மனிதனாகப் பார்த்தவன் அந்த ஒருவன்தான்.

"நீ குணாவ தூக்கினது எப்டி?"

பிக்ரம் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதுபோல் காட்டினான்.

பிரீத்தி எழுந்தாள்.

"ரவி... இந்தக் கையால தொட்டிருந்தா ராடு வழவழன்னு இருக்கணும். அது காஞ்சி கெடக்குது!"

"அப்டின்னா மேடம்...?"

"அப்டின்னா கொல பண்ணவன் வேற ஒருத்தன். அந்த ஓட்டை தெரிஞ்சவன்."

"ஓட்டை நாப்பது பேருக்கும் தெரியுமே!"

"அதான் இப்ப நாப்பது பேரையும் பாக்கப் போறோம்."

பிக்ரமை யார் கண்ணிலும் படாமல், கேட்டுக்கு உள்பக்கம் நின்ற தொழிற்சாலையின் மூடிய வேனில் ஏற்றச் சொன்னாள். பழம் வெட்டும் ஹாலைத் திறந்து ரோஜாவைத் தன்னோடு அழைத்துக்கொண்டு, பிக்ரம் சொன்னதையெல்லாம் நடந்தபடியே அவளிடம் சொன்னாள். அவள் அழுது முடித்திருந்தாள். முகம் மரத்துப்போயிருந்தது.

*

கேட் கொதித்துக்கொண்டிருந்தது.

"அவன எங்க கையில குடுங்க!"

"எங்க கூலிய துன்னான்... இப்ப எங்க ஆளையும் துன்ட்டான்!"

கத்தியவன் தனசேகர். லோடு ஆட்களில் முன்கோபக்காரன்.

அவனுக்கு முன்னால் மார்பில் அடித்துக்கொண்டு நின்றார் முனிரத்தினம். சிவப்புத் துண்டு தோளிலிருந்து நழுவிக் கிடந்தது.

"எம் மருமவன பறிகுடுத்துட்டு நிக்கிறனே மேடம்! வூட்ல பல்லு வெளக்கிக்கினு இருந்தேன். சேதி கேட்டு நேரா ஓடியாறேன்!"

"உள்ள வந்தீங்களா மேஸ்திரி?"

"எங்க மேடம் வுட்டாங்க? இந்த கேட்டத் தாண்டி ஒன்பது நாளா கால வெக்கல!"

"பிக்ரம பாத்தீங்களா?"

"எங்கண்ணால பாத்தா வுட்டுருவனா? வெட்டிப் போட்டுருப்பேன்!"

"சரி. ஆனா ஒரு சந்தேகம் மேஸ்திரி." பிரீத்தி தலையைச் சொறிந்தாள். "பையன் கை பூரா வெந்து கெடக்குது. கொப்புளம். அந்தக் கையால ராடு புடிச்சி ஓங்கி அடிக்க முடியாதுன்னு எனக்குத் தோணுது. காய தொடறதுக்கே கஷ்டமாம்..."

"இன்னா மேடம் வெவரம் தெரியாம பேசறீங்க! அதான் எண்ணெ பூசிக்கினு இருக்கானே! எண்ணெ பூசிட்டா எரிச்சல் தெரியாது. இருபது வருசமா லோடு எறக்கறேன், எனக்குத் தெரியாதா?"



தனசேகர் மெதுவாகத் திரும்பி மேஸ்திரியைப் பார்த்தான்.

பிரீத்தி வாயைத் திறப்பதற்குள் ரோஜா முன்னால் வந்தாள்.

"நைனா..."

"இன்னாம்மா?"

"அவனுக்கு எண்ணெ விசயம் யாரு சொன்னது?"

"அது... நீதான்..."

"நான் கையப் பாக்கல நைனா. ரத்தத்ததான் பாத்தேன். இவ்ளோ நேரம் உள்ளயே இருந்தேன். இங்க யாருகிட்டயும் ஒரு வார்த்த பேசல."

முனிரத்தினம் நழுவிய துண்டை இழுத்து முகத்தைத் துடைத்தார்.

"அவனுங்களுக்கு எண்ணெ விசயம் சொல்லவே கூடாதுன்னு காணிப்பாக்கத்துல எல்லாரையும் சத்தியம் பண்ண வச்சதே நீதான? அப்ப அவன் கையில எண்ணெ இருக்கும்னு உனக்கு எப்டி தோணும்? எம் புருஷன் பூசி வுடறத பாத்தவனுக்குத்தான் தோணும்!"

"இல்லம்மா... ரோஜா... நான்..."

"எத்தினி மணிக்கு பல்லு வெளக்கின நைனா? நான் ஆறு மணிக்கு கெளம்பறப்ப வூட்டு வாசல்ல உன் செருப்பு இல்லயே!"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று ரவிக்குத் தோன்றியது. தாலி கட்டியவனைக் கொன்றது தகப்பன் என்று தெரிந்த நொடியில், அவளுக்கு அழக்கூட யாரும் மிச்சமில்லை.

முனிரத்தினம் பின்னால் நகர்ந்தார்.

தனசேகர் அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஏன் மேஸ்திரி? குணா சத்தியத்த மீறிட்டான்னா?"

"ஆமாண்டா! துரோகி அவன்! ஒடிசாக்காரனோட சேந்துக்கினு நம்ம போராட்டத்த..."

ட்ரிங்... ட்ரிங்...!

மேஸ்திரியின் சட்டைப் பையில் செல் அலறியது. அவர் கை அதை நோக்கிப் பாய்ந்தது. பிரீத்தியின் கை முந்திக்கொண்டது.

ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மேஸ்திரி! ஏஜென்ட் பேசறேன். ரெண்டாவது பேட்ச் பாகாலா ஸ்டேஷன்ல எறங்கிட்டாங்க. முப்பத்தஞ்சு பேரு. இவங்க நானூத்தம்பதுக்கே ஒத்துக்கினாங்க. தலைக்கு உங்க கமிஷன் போன தடவ மாதிரியே. உங்க ஆளுங்க கத்திக் கத்தி அந்த ஒடிசா பேட்ச வெரட்டிட்டாங்களா இல்லயா?"



முதல் பேட்சைக் கொண்டுவந்ததும் மேஸ்திரி. அதை விரட்டப் போராட்டம் நடத்தியதும் மேஸ்திரி! விரட்டிய இடத்தில் இன்னும் மலிவான ஆட்களை நிரப்புவதும் அவரே! ஒன்பது நாள் வெயிலில் தொண்டை கிழியக் கத்திய நாற்பது பேரும் அவருக்குச் சம்பளம் இல்லாத வேலையாட்கள்!

எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துவிட்டால் அந்த வியாபாரம் படுத்துவிடும். அதனால்தான் குணா படுத்தான்.

தனசேகர் கையிலிருந்த கொடிக்கம்பைத் தரையில் போட்டான். அவன் கண்ணில் தண்ணீர்.

"உன்ன நம்பி எம் புள்ளைங்கள பட்டினி போட்டனே மேஸ்திரி..."

ரவி விலங்கை மாட்டினான்.

"ரோஜா... நான் உன் நைனாம்மா..." முனிரத்தினம் குழறினார்.

"எனக்கு நைனா இல்ல. புருஷன் பொணத்துக்கு யாரு கொள்ளி வெக்கறதுன்னு நாங்க பாத்துக்கறோம். நீ வராத."

அவள் திரும்பி நடந்தாள். வேன் கதவைத் தானே திறந்தாள்.

"எறங்கு பிக்ரம். உன் ஆளுங்கள கூட்டிக்கினு வா. குணா எங்க உக்காரச் சொன்னாரோ அங்க உக்காரலாம்."

தனசேகர் நகர்ந்து இடம் விட்டான்.

செல்போனில் ஏஜென்ட் இன்னும் கத்திக்கொண்டிருந்தான்.

"அலோ... அலோ... மேஸ்திரி! லைன்ல இருக்கீங்களா?"

பிரீத்தி போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள்.

"மேஸ்திரி வேற எடத்துக்கு வேலைக்குப் போய்ட்டாருப்பா."

"அப்டியா! எங்க?"

"ஜெயிலுக்கு. சாப்பாடு ஃப்ரீ, ரூம் ஃப்ரீ, பர்மனென்ட் வேல. ஒரே ஒரு விசயம்... அந்த வேலைக்கு மட்டும் கம்மி கூலிக்கு வேற ஆள அனுப்ப முடியாது!"