பெரியப்பாவின் எச்சில்

"பெரியப்பா கெடைச்சிட்டாருன்னு நெனச்சேன் சேர். எச்சில் டெஸ்ட்டு இல்லைன்னு சொல்லுது."

பிரியந்தி கைப்பேசியை நீட்டினாள். அவளுடைய அப்பாவுக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியில் மறுநாள் ஆபரேஷன். சிறுவயதில் பிரிந்த அண்ணனை அதற்குள் ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று தவியாய்த் தவித்தார். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்தில் செல்லசாமி என்பவரை அவள் தேடிப் பிடித்திருந்தாள். பிறப்புப் பதிவில் அவருக்கும் அப்பாவுக்கும் பெற்றோர் பெயர் ஒன்றுதான். மரபணுப் பரிசோதனையோ, துளி உறவும் இல்லை என்றது.

ஓய்வுபெற்ற பதிவாளர் சூசைரட்ணம் கைப்பேசியிலிருந்த படத்தைப் பார்த்தார். செல்லசாமியின் மருமகன் கிஷாந்த், தபாலில் போடுமுன் எடுத்து அனுப்பிய படம். குழாயில் தண்ணீர்போலத் தெளிந்த எச்சில்.

"பதிவு பொய்யா, டெஸ்ட் பொய்யா சேர்?" என்றாள் ஷிராணி. அவளுக்குப் பிழைப்பு முச்சக்கர வண்டி. பொழுதுபோக்கு, சூசைரட்ணத்தின் விவகாரங்களில் மூக்கை நுழைப்பது.

"மனுசன்தானே பொய் சொல்லுவான். வண்டிய எடு."

பிரியந்தியும் கூடவே ஏறிக்கொண்டாள். தோட்டத்து லய வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்ற கிஷாந்தை ஷிராணிக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. அவன் சிரித்த சிரிப்பு உதட்டோடு நின்றது. உள்ளே செல்லசாமி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பல்லும் உதடும் ஒரே சிவப்பு.

"நீங்கதான் துப்பினீங்களா?" என்று அவரிடம் கேட்டார் சூசைரட்ணம்.

"நாந்தாங்க. மருமகன் குழாய வாங்கிட்டுப் போனாரு."

ஷிராணிக்குச் சப்பென்றாகிவிட்டது. சூசைரட்ணம் கிஷாந்திடம் திரும்பினார்.

"துப்புறதுக்கு முந்தி வாய் கொப்பளிச்சாரா?"

"எதுக்குங்க? வெத்தலையோடதான் துப்பினாரு. தூங்குறப்பதான் அவரு வெத்தலைய விடுவாரு."

சூசைரட்ணம் படத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அப்ப இதுல செவப்பு எங்க தம்பி?"

கிஷாந்த் படத்தைக் குனிந்து பார்த்தான். தினமும் பார்த்துப் பழகிய சிவப்பு அவன் கண்ணில் படாமலே போயிருந்தது.

"அவரு துப்புனத கழுவி ஊத்திட்டு வேற யாரோ துப்பியிருக்காங்க," என்றார் சூசைரட்ணம். "மக துப்பியிருந்தா ஒறவு தெரிஞ்சிருக்கும். இந்த வீட்டுல இவரு ரத்தம் இல்லாத ஆளு நீ ஒருத்தன்தான்."

"மாமா பேருலதாங்க வீடு கட்ட எடம் குடுத்திருக்காங்க," என்று கிஷாந்த் முணுமுணுத்தான். "தம்பின்னு ஒருத்தர் வந்து பங்கு கேட்டா, நாங்க புள்ளகுட்டியோட எங்க போறது?"

"எடம் யாருக்கு வேணும்?" என்றாள் பிரியந்தி. "அப்பாவுக்கு அண்ணன் மொகத்தப் பாத்தா போதும்."

செல்லசாமி மருமகன் பக்கம் திரும்பினார். "தம்பி இல்லைன்னு நீ வந்து சொன்னப்ப, ராவெல்லாம் அழுதேனே. பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

கிஷாந்த் வாசலை விட்டு விலகினான். கிழவர் முற்றத்தில் வெற்றிலையைத் துப்பினார். செம்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தார், தண்ணீர் வெளுக்கும்வரை.

"புதுக் குழாய் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டாள் ஷிராணி.

"அது கெடக்கட்டும் தாயி." அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். "சின்னதுலயே, வெத்தல வாயோட தூக்கினா என் தம்பிப் பயலுக்குப் புடிக்காது. மூஞ்சியத் திருப்பிக்குவான்."