இரண்டு கிலோ விசை

திங்கட்கிழமை காலையென்றால் தூத்துக்குடி எலும்புச் சோதனை நிலையத்தில் கைக்குழந்தைகளின் வரிசை வாசல்வரை நீளும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வாரம் ஒருமுறை விசைகாணியில் கிடத்தியாக வேண்டும். சோதனையாளர் செண்பகவல்லி பன்னிரண்டாவது குழந்தையைக் கிடத்தியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. இடது விலாவில் முறிவு.

முறிந்த இடத்தில் வளர்ந்திருக்கும் புது எலும்பை அளந்து, முறிந்த நேரத்தை விசைகாணி சொல்லிவிடும். விரிசலின் வடிவத்தை வைத்து, பட்ட விசையைக் கணக்கிடும். அப்போது குழந்தை யார் கையில் இருந்தது என்பதை ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் உள்ள தொடுபட்டை காட்டிக்கொடுக்கும். முன்பெல்லாம் ஒரு மருத்துவர் அடி என்பார், இன்னொருவர் நோய் என்பார். அந்த வழக்காடல் வேண்டாமென்றுதான் கருவியின் சொல்லையே தீர்ப்பாக்கினார்கள்.

"நாற்பது கிலோ விசை. புதன் மாலை ஐந்து மணி. தந்தை சூசை" என்றது திரை. கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

"பால் குடிச்சான், ஏப்பம் வரட்டும்னு முதுகுல தட்டுனேன். அவ்வளவுதாம்மா!" என்றான் சூசை.

இதே பேச்சை அவள் பத்தொன்பது பேரிடம் கேட்டிருக்கிறாள். இம்முறை கணக்கைத் திறந்து பார்த்தாள். எலும்பின் வலிமைக்குக் கருவி ஒரே எண்ணைத்தான் வைத்திருந்தது; வெயிலில் வளர்ந்த அந்தக் காலக் குழந்தைகளிடம் அளந்த எண். நகரத்தின் மேல் நிழற்கூரை போட்டபின் பிறந்த பிள்ளைகள் வெயிலையே கண்டதில்லை. வெயில் படாத எலும்பு இறுகாது. இந்தக் குழந்தையின் எலும்பு அடர்த்தியை வைத்துத் தாளில் போட்டுப் பார்த்தாள். இரண்டு கிலோ.

மேலாளர் ஆவுடையப்பனிடம் தாளை நீட்டினாள். "தட்டுனாலே முறியும் சார்."

"அந்த எண்ணு சட்டம்ளா. உன் கையெழுத்துல பத்தொன்பது பேரு உள்ள கெடக்கான். அவங்களயும் வெளிய விடச்சொல்லுதியா?"

"விடணும் சார்."

காவலர்கள் வந்து சூசைக்கு விலங்கு மாட்டினார்கள். விசைகாணியில் கிடந்த குழந்தை வீறிட்டு, மூச்சடைத்து நீலம் பாரித்தது. ஒருவரும் நெருங்கவில்லை. ஆவுடையப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"யாராச்சும் தூக்குங்களேன்!" என்று சூசை கதறினான்.

செண்பகவல்லி தூக்கினாள். கழுத்துக்கு ஒரு கை, முதுகுக்கு ஒரு கை, பூவை அள்ளுவதுபோலத்தான். குழந்தைக்கு மூச்சு திரும்பியது. அதே நொடியில் அவள் விரலுக்கடியில் அப்பளம் நொறுங்குவதுபோல் ஏதோ மெல்ல முறிந்தது.

அந்தச் சத்தம் கேட்டு ஆவுடையப்பன் ஓரடி பின்வாங்கினார். மடித்துப் பிடித்திருந்த தாளை அவளிடமே திருப்பி வைத்தார். குற்றவாளி போட்ட கணக்கை இனி யார் படிப்பார்கள்?

வாசலில் இழுபட்டுக்கொண்டே சூசை திரும்பிக் கத்தினான்: "நீங்க மெதுவாத்தாம்மா தூக்குனீங்க! நான் பாத்தேன்!"