காற்றடித்தால் இறங்கும் சூடு

காற்று வீசும்போதெல்லாம் மாடியில் இருந்த வெப்பமானி இறங்கியது. காற்று நின்றதும் ஏறியது. இது சரியில்லை என்று அவனுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. எழுந்துபோய்ப் பார்க்கத்தான் தெம்பில்லை.

சமையலறை மேடையில், கழுவாத பாத்திரங்களுக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை இருந்தது. மேல் வரியில் மாடிப் பெட்டிக்குள் இருக்கும் சூடு, கீழ் வரியில் வீட்டுக்குள் இருக்கும் சூடு. ஆறிப்போன டீயோடு அதன் முன் நின்றான். காற்று தெருமுனையில் கிளம்பி, வீடு வீடாகத் தகரங்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்து, குளியலறைக் குழாயில் வாய் வைத்து ஊதிவிட்டு, ஈரமண்ணும் காயாத துணியும் கலந்த வாசனையோடு கதவிடுக்கில் நுழைந்தது. மேல் வரியில் முப்பத்தொன்று இருபத்தைந்தானது. காற்று ஓய்ந்தது. எண், மூட்டுவலிக்காரன் படியேறுவதுபோல, நின்று நின்று ஏறத் தொடங்கியது.

ஈரமில்லாத வெப்பமானிக்குக் காற்றென்றால் என்னவென்றே தெரியாது. அது ஏற்கெனவே காற்றின் சூட்டில்தான் இருக்கிறது. எவ்வளவு ஊதினாலும் அதற்குக் கீழே போகாது. காற்றில் குளிர்பவை இரண்டுதான். நனைந்தது ஒன்று. தானே சூடாக இருப்பது இன்னொன்று. மனைவி சொல்லிக்கொடுத்தது இது. வெயில் படாமல் காற்று மட்டும் புகும்படி, நாலு பக்கமும் சாய்ந்த பலகைகள் வைத்த அந்த வெள்ளைப் பெட்டியை மாடியில் நிறுத்தியவளும் அவள்தான். அவள் இறந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்துவதற்கும் ஒரு முடிவெடுக்க வேண்டுமே.

"அப்பா, காத்து அடிக்குது," என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

குருவி. ஐந்து வயது மகள். அறை ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அவள் இரண்டு போர்வைகளுக்குள் முழங்காலை வயிற்றோடு சேர்த்துச் சுருண்டிருந்தாள். பாதத்தைத் தொட்டான். குழாய்த் தண்ணீர்போல இருந்தது. டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தார். "உடம்புல சூடு கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். நல்லா சாப்பிட வைங்க. நீங்களும் கொஞ்சம் தூங்குங்க சார், கண்ணைக் கண்ணாடியில பாத்தீங்களா?"

அதற்குப் பிறகு அவள் இன்னும் குளிர்ந்திருந்தாள். இவளும் போய்விடுவாளோ என்ற கேள்வியை அவன் முழுதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. பாதியிலேயே படுத்துக்கொண்டது அது.

மறுநாள் சாயங்காலம் மனைவியின் தம்பி வந்தான். ஏ.சி. மெக்கானிக். பைக்கை நிறுத்துவதற்குள் பேச ஆரம்பித்துவிடுகிறவன்.

"என்ன அத்தான், அடுப்புல பூனை தூங்குதா?"

"மாடிக்கு வா மாப்ள. பெட்டி தப்பா காட்டுது."

"ஊரே மழை வருமான்னு ஆகாசத்தைப் பாக்கும். எங்க அக்கா மட்டும் பெட்டியைப் பாக்கும். இப்ப நீங்களா?"

மாடியில் மேகம் தாழ்ந்து கிடந்தது. கயிற்றில் கட்டிய கண்ணாடி வெப்பமானி ஒன்றை அவன் தலைக்கு மேல் சுழற்றினான். பெட்டியை நம்ப முடியாதபோது காற்றின் உண்மையான சூட்டை அறிய மனைவி கையாண்ட வழி அது.

"காக்கா ஓட்டுறீங்களா அத்தான்?"

கண்ணாடியில் இருபத்திரண்டு. காற்று ஓய்ந்திருந்த அந்த நேரத்தில் பெட்டி முப்பத்து மூன்று காட்டியது.

"வெயில் ஏறியிருக்கும்," என்றான் மச்சினன்.

"வெயிலைப் பாத்து ஒரு வாரமாச்சுடா."

"அப்ப பல்லி குடும்பம் நடத்துது. நகருங்க."

சிரித்துக்கொண்டேதான் பெட்டிக் கதவைத் திறந்து முழங்கைவரை விட்டான். வெப்பமானியைத் தடவினான். "ஈரம் இல்ல. பல்லியும் இல்ல. வெறும்..."

சிரிப்பு நின்றது. கையை மெல்ல வெளியே எடுத்தான். பேன்ட்டில் துடைத்தான். மறுபடி துடைத்தான்.

"என்னடா?"

"வெதுவெதுன்னு இருக்கு."

"எது?"

மச்சினன் பெட்டிக் கதவை அவசரமாகச் சாத்தினான். படியிறங்கும்போது சொன்னான். "அத்தான், சொன்னா கேளுங்க. அதைக் கழட்டிக் கடாசிடுங்க. குருவியை இப்பவே என்கூட அனுப்புங்க."

"நாளைக்குப் பாக்கலாம் மாப்ள."

கொஞ்ச நாளாக எல்லாவற்றுக்கும் அவனிடம் அந்த ஒரு பதில்தான் இருந்தது. மச்சினன் டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

இருட்டியதும் காற்று வலுத்தது. அவன் வீட்டுக்குள் அளக்கும் சென்சாரை எடுத்து மகளின் அக்குளில் வைத்துத் திரையை மடியில் வைத்துக்கொண்டான். மேல் வரியில் பெட்டி. கீழ் வரியில் குருவி. ஒரு வீச்சு. பெட்டி சரிந்தது, கூடவே குருவியும் ஒரு புள்ளி இறங்கினாள். காற்று ஓய்ந்தது. பெட்டி ஏறியது. குருவி ஏறவில்லை. அடுத்த வீச்சு. இன்னொரு புள்ளி. முப்பத்தைந்துக்குக் கீழே வந்துவிட்டாள். உதடு நீலம் பூத்திருந்தது.

மேலே காற்று பறித்துக்கொள்வதை இங்கிருந்து எடுத்து யாரோ ஈடு கட்டுகிறார்கள். யார் என்று அவன் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. யாராக இருக்க வேண்டும் என்று மட்டும் ஆசைப்பட்டான். மச்சினனைக் கூப்பிடலாம். ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். ஆனால் கணக்கு அவ்வளவு எளிதாக இருந்தது. பெட்டியைக் காற்று படாத இடத்தில் வைத்தால் அதன் சூடு போகாது. சூடு போகாவிட்டால் குழந்தையிடம் எடுக்க வேண்டியதில்லை.

மாடிக்கு ஏறினான். பெட்டியைக் கம்பத்திலிருந்து கழற்றி நெஞ்சோடு அணைத்துத் தூக்கினான். வெறும் பெட்டிக்கு அந்தக் கனம் கிடையாது. சாய்ந்த பலகைகளின் இடுக்கிலிருந்து அவன் கழுத்தில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. நின்றது. பட்டது.

"சரி, சரி. வந்தாச்சு," என்றான் தாழ்ந்த குரலில்.

மகளின் கட்டிலருகே நாற்காலியில் வைத்தான். கதவைச் சாத்தினான். குருவி அரைக்கண்ணைத் திறந்தாள்.

"யாருப்பா அது?"

"பெட்டிம்மா. அம்மாவோட பெட்டி."

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா இல்ல," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கீழ் வரி ஏறியது. முப்பத்தைந்து. முப்பத்தாறு. உதட்டில் நிறம் வந்தது. பாதம் சூடானது. அவன் அந்தப் பாதத்தைப் பிடித்தபடியே தலையைக் கட்டில் விளிம்பில் வைத்தான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, அடித்துப்போட்டதுபோலத் தூங்கினான்.

விழித்தபோது வீட்டில் சத்தமே இல்லை.

குருவி உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக. அவனையே பார்த்தபடி. சென்சார் இன்னும் அக்குளில்.

"நல்லா தூங்கினீங்களா?" என்றாள். இதுவரை அவள் அவனை நீங்க என்று சொன்னதில்லை.

திரையைப் பார்த்தான். மேல் வரி, முப்பத்தேழு. கீழ் வரி, இருபத்திரண்டு.

சென்சார் நழுவியிருக்கும். எடுத்தான். துடைத்தான். தானே வைத்து, அவள் கையை அழுத்திப் பிடித்தான். கை மரக்கட்டைபோல இருந்தது. குளிர்ச்சி இல்லை. சூடும் இல்லை. இருபத்திரண்டு. மேசைமேல் கிடந்த கண்ணாடி வெப்பமானியைப் பார்த்தான். அறையும் இருபத்திரண்டு.

அவனுக்குப் புரிந்தது. புரிய வேண்டாம் என்றிருந்தது.

எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தான்.

காற்று அறைக்குள் பாய்ந்தது. திரைச்சீலை கூரையைத் தொட்டது. அவள் முடி முகத்தில் அடித்தது. அவள் கண் சிமிட்டவில்லை. கீழ் வரி இருபத்திரண்டு. இன்னொரு வீச்சு. இருபத்திரண்டு. அசையவில்லை.

மேல் வரி இறங்கியது. முப்பத்தைந்து. முப்பத்து மூன்று.

பெட்டியின் பலகை இடுக்கிலிருந்து நாலு குட்டி விரல்கள் வெளியே வந்தன. காற்று பட்டு நடுங்கின. பலகையை இறுகப் பற்றிக்கொண்டன.