சூடு எங்கே போகிறது

இரண்டாவது கிளிப்பை மாட்டும் முன்பே எண் நகர்ந்துவிட்டது.

கறுப்புக் கிளிப் மட்டும்தான் போர்டின் ஓரத்தைக் கவ்வியிருந்தது. சிவப்புக் கிளிப் இன்னும் அவன் விரல்களுக்கு நடுவில், எதையும் தொடாமல் இருந்தது. ஆனாலும் மேசை மேல் இருந்த பவர் சப்ளைப் பெட்டியில் ஓடும் கரண்டின் அளவைக் காட்டிப் பச்சையாக மினுங்கிய பூஜ்யங்களில் கடைசிப் பூஜ்யம் ஒன்றாகி, இரண்டாகி, அங்கேயே நின்றது. ஒரு குண்டூசித் தலையளவு விளக்கு எரியக் காணும், அவ்வளவுதான். ஆனால் ஒற்றை ஒயரில் கரண்ட் ஓடாது. போக ஒரு வழி, வர ஒரு வழி வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம்.

பெட்டியை அணைத்தான். கிளிப்பைத் துடைத்தான். வழக்கம்போல ஊதினான்.

எதையும் ஊதிப் பார்ப்பது அவன் பழக்கம். தூசியை ஊதுவான், பற்ற வைத்த ஈயத்தை ஊதுவான், ஆறி அவலாய்ப் போன தேநீரையும் ஊதித்தான் குடிப்பான். இதைப் பார்த்துவிட்டுத்தான் அக்காவின் கணவர் அவனுக்கு 'ஊதுகுழல்' என்று பேர் வைத்தார். "நம்ம ஊதுகுழல் கையில குடுங்க, செத்த லேப்டாப்பும் எந்திரிச்சு உக்காந்து வணக்கம் சொல்லும்" என்று தன் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் கடைக்கு ஆள் பிடித்து அனுப்புவார். மாமா போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் இப்போதும் அவன் திரும்பிப் பார்ப்பதில்லை.

விடுமுறை நாள் மதியம். வணிக வளாகத்தின் பின்வரிசையில் மற்ற கடைகள் எல்லாம் பூட்டியிருக்க, அவன் மட்டும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தான். வெளியே காலையிலிருந்து ஒரே மழை. தகரக் கூரையில் விழும் சத்தம், நடைபாதைக் குழாயில் தண்ணீர் குமுறிக்கொண்டு இறங்கும் சத்தம், அதற்கடியில் பவர் சப்ளையின் சின்ன விசிறி சுற்றும் முனகல். ஈயப் புகையும் ஸ்பிரிட்டும் கலந்த கடையின் பழைய வாசனைக்கு மேலாக, மேசையில் கிடந்த போர்டிலிருந்து வேறொரு வாசனை எழுந்து வந்துகொண்டிருந்தது. கருகிய பிளாஸ்டிக், கருகிய பஞ்சு. அதற்கு மேல் என்ன என்று அவன் யோசிக்க விரும்பவில்லை.

காலையில் அக்கா, எரிந்துபோன தன் லேப்டாப்பின் அந்தப் போர்டை ஒரு தலையணை உறையில் சுற்றி எடுத்து வந்தாள். மாமாவைக் கொண்டுபோன தீ விபத்தை விசாரித்தவர்கள் இரண்டு வருடம் வைத்திருந்துவிட்டு, 'காரணம் உறுதி செய்யப்படவில்லை' என்று ஒரு தாளோடு திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அக்கா பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். சொல்ல வந்ததைக் குறிப்பெடுத்து வைத்துக்கொண்டு சொல்கிற ஆள். இன்றைக்குக் குறிப்பெல்லாம் இல்லை.

"அன்னிக்கு மாமா நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்து தூங்கிட்டிருந்தார். நான் இதை அவர் கால்மாட்டுல சார்ஜ்ல போட்டுட்டு மளிகைக் கடைக்குப் போனேன். இருபது நிமிஷம். போகும்போது ஸ்விட்சை அணைச்சேனா இல்லையான்னு ரெண்டு வருஷமா யோசிக்கிறேன்டா. ஒரு நாள் அணைச்ச மாதிரி இருக்கு. ஒரு நாள் இல்ல."

"அக்கா, இது கரிக்கட்டை. இதுல என்ன பாக்குறது?"

"நீ பாத்தா தெரியும். நான்தான்னு தெரிஞ்சாலும் சரி. தெரிஞ்சுட்டா தூங்கிடுவேன்."

அவள் போன பிறகு வெகுநேரம் அவன் அந்த உறையைப் பிரிக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவனுக்கு இரண்டு வருடமாகக் குறுகுறுப்பெல்லாம் இல்லை, அடைப்புதான். சோறு இறங்கும், தண்ணீர் இறங்கும், அந்த ஒரு வாக்கியம் மட்டும் தொண்டையில் ஏறி வராது.

வாக்கியம் சின்னதுதான். தீப்பிடிப்பதற்கு நாலு மாதம் முன்பு அந்த லேப்டாப் திடீரென்று செத்தபோது அக்கா இவனிடம்தான் கொண்டுவந்தாள். மறுநாள் காலைக்குள் மதிப்பெண் பட்டியல் கொடுக்க வேண்டும் என்று நின்ற காலில் நின்றாள். திறந்து பார்த்தால், கரண்ட் நுழைகிற வாசலிலேயே இருக்கும் பியூஸ் போயிருந்தது. அரிசி மணியில் பாதி இருக்கும் அந்தப் பொருள் அன்றைக்குக் கடையில் இல்லை. பியூஸ் போவது நோயில்லை, காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. உள்ளே எது அதைப் போக்கியது என்று தேட வேண்டும். இவன் தேடவில்லை. ஒரு செப்பு இழையை எடுத்துப் பியூஸின் இரு முனைகளையும் சேர்த்து நேராக ஒட்டிவிட்டான். லேப்டாப் எழுந்து உட்கார்ந்தது. ஒரு வாரத்தில் பியூஸ் வந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தான். பியூஸ் வந்தது. மேசை இழுப்பறையில், பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. அக்கா வீட்டுக்கு எத்தனையோ முறை போனான், சாப்பிட்டான், மாமாவோடு சிரித்தான், நாளைக்கு மாற்றலாம் என்று திரும்பினான்.

அந்தப் பியூஸ் இருந்திருந்தால் ஸ்விட்ச் எப்படிக் கிடந்தாலும் ஒன்றுமில்லை. உள்ளே எது பழுதானாலும் அது தான் செத்து வீட்டைக் காப்பாற்றியிருக்கும்.

இப்போது பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிப் பார்த்தான். போர்டு முழுக்கக் கரி. சில்லுகள் உப்பி, வெடித்து, உதிர்ந்து கிடந்தன. அந்தச் செப்பு இழை மட்டும் நேற்று வைத்ததுபோல் பளபளத்தது.

பெட்டியை மறுபடி போட்டான். ஒரு வோல்ட்தான் வைத்தான். சிவப்புக் கிளிப்பை மாட்டினான். கடைசி இலக்கம் அதே இரண்டில் நின்றது. சரி, ஈரப்பதமாக இருக்கும், மழை நாள், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது போன் அடித்தது.

"பாத்தியாடா?" அக்கா வீட்டிலிருந்து பேசினாள்.

"பாத்துட்டிருக்கேன்கா."

"எதாவது தெரியுதா?"

கண்ணாடிக்குக் கீழே இழை மினுங்கியது. "இன்னும் இல்லக்கா."

எண் ஏறியது. கண்ணெதிரே, அவசரமில்லாமல், படியேறுகிற ஆள் மாதிரி ஏறிப் புள்ளி நாலில் நின்றது. அவன் போனை வைத்தான்.

முதலில் அந்த இழையை எடுத்துவிடுவோம் என்று தோன்றியது. எதற்கு என்று கேட்டால், கரண்ட் வருகிற வழியை அடைத்துப் பார்க்கத்தான் என்பான். உண்மை அதுவல்ல என்று அவனுக்குத் தெரியும், வெட்கமாகவும் இருந்தது. ஈயம் உருக்கும் கோலைச் சூடாக்கி ஒரு முனையைத் தொட்டான், இடுக்கியால் தூக்கினான், மறுமுனையைத் தொட்டான். இழை கையோடு வந்தது. கழிவு ஈயம் போடும் டப்பாவில் அதைப் போட்டு மூடினான். இனி போர்டுக்குள் கரண்ட் நுழைய வாசலே கிடையாது.

புள்ளி நாலு. அசையவில்லை.

ஒரு போர்டு கரண்டைக் குடித்தால் அது எங்கேயாவது சூடாக வெளியே வந்தே தீரும். அந்த இடத்தைத் தேடுவதுதான் இந்த வேலையே. விரல் நுனியை ஒவ்வொரு பாகமாக வைத்துப் போக வேண்டும். இரண்டு எண்ணுவதற்குள் விரலை எடுக்க வைக்கிற பாகம்தான் பழுது. விரலுக்குச் சிக்காவிட்டால் போர்டு முழுக்க ஸ்பிரிட்டைப் பூசிவிட்டுப் பார்க்க வேண்டும். சூடான இடம் முதலில் காயும். அவன் இரண்டையும் செய்தான். விரலுக்குக் கீழே எல்லாமே சில்லென்று இருந்தது. தூரிகையால் ஸ்பிரிட்டைப் பூசி, விளக்கைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். கறுத்த போர்டு முழுக்க ஈரம் ஒரே சீராக மின்னியது. எங்கும் காயவில்லை.

கரண்ட் போகிறது. சூடு இங்கே இல்லை.

அப்படியானால் எங்கே?

மறுபடி போன்.

"என்னடா ஆச்சு?"

சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நான்தான்கா என்று தொடங்கினால் போதும், மீதி தானாக வரும். வாயைத் திறந்தான். "எல்லாம் கருகிப் போச்சுக்கா. இதுல யாராலயும் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது."

அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப நான்தான்" என்றாள் அக்கா.

நீயில்லை என்று அவன் சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்ப யாரு என்று கேட்பாள்.

ஒன்று. ஒன்றரை. ஒன்று புள்ளி எட்டு. சப்ளையின் விசிறி வேகமெடுத்துக் கிறீச்சிட்டது.

"என்னமோ தெரியலடா" அக்காவின் குரல் களைத்திருந்தது. "இங்க திடீர்னு அனலா இருக்கு. எல்லா ஜன்னலும் திறந்துதான் கெடக்கு, சாரல் உள்ள அடிக்குது, அப்படியும் புழுங்குது. உள்ளுக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு."

அவன் எண்ணைப் பார்த்தான். போனைப் பார்த்தான்.

"அக்கா, காய்ச்சலா இருக்கும். படுத்துக்கோ."

இரண்டு.

"படுக்கப் பிடிக்கல. அங்க வரேன். உன் வாயால நேர்ல கேட்டுட்டுப் போயிடுறேன்."

"வேணாம்கா, மழை..."

வைத்துவிட்டாள்.

கிளிப்புகளைப் பிடுங்கினான். எண் இறங்கவில்லை. பெட்டியை அணைத்தான். இறங்கவில்லை. சுவரிலிருந்து பிளக்கை உருவி, ஒயரைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். விசிறி சுற்றியது. இருண்ட கடையில் பச்சை எண் எரிந்தது. போர்டில் ஸ்பிரிட் இன்னும் காயாமல் இருந்தது. கால் மணி நேரமாகியும்.

அக்கா வீட்டிலிருந்து கடைக்குப் பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடமும் அவன் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழகினான். பியூஸை நான்தான் நேர் பண்ணினேன். நீ ஸ்விட்சை அணைச்சிருந்தாலும் இல்லாட்டாலும் ஒண்ணுமில்ல. நான்தான். ஒவ்வொரு முறை முணுமுணுத்தபோதும் எண் ஒரு புள்ளி இறங்கியது, சத்தியமாக இறங்கியது. தனியாக இருக்கும்போது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவனுக்கே அழுகை வந்தது. அக்கா வந்ததும் சொல்லிவிடலாம். காலில் விழுந்து சொல்லிவிடலாம்.

ஷட்டருக்குக் கீழே இரண்டு ஈரக் கால்கள் வந்து நின்றன.

அக்கா குனிந்து உள்ளே வந்தாள். குடை இல்லை. நீலப் பருத்திச் சுடிதார் உடம்போடு ஒட்டியிருக்க, தலையிலிருந்து கால்வரை தண்ணீர் சொட்டியது. வாடிக்கையாளர் முக்காலியில் உட்கார்ந்து, முகத்தைக் கையால் வழித்துக்கொண்டாள். காலடியில் தண்ணீர் வட்டமாகத் தேங்கியது.

"சொல்லுடா."

அவன் அவள் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடர்நீலமாக நனைந்த துணியில், கழுத்துக்குக் கீழே, ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு வெளிர்நீலம். காய்ந்த நீலம். அது பரவியது. உள்ளங்கை அளவு. பிறகு தோள் முழுக்க. மெல்லிய ஆவி எழுந்து அவள் காதோரம் சுருண்டது.

"இப்ப பரவால்லடா" என்றாள் அக்கா. "வரும்போது நடுங்கிச்சு. இங்க கதகதன்னு இருக்கு."

"கையைக் குடுக்கா."

கொடுத்தாள். அவள் புறங்கையில் விரல் நுனியை வைத்து எண்ணினான்.

ஒன்று.

விரலை இழுத்துக்கொண்டான். நுனி சிவந்திருந்தது.

"கடைசியா ஒரு தடவ கேக்குறேன்" என்றாள். கண்ணில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் சொல்லியிருப்பான். நம்பிக்கைதான் இருந்தது, சின்ன வயதில் அவன் பொய் சொன்னபோதெல்லாம் இருந்த அதே நம்பிக்கை. "நான்தானா?"

பெட்டியில் மூன்று. மூன்றரை.

துணி ஓரம் பழுப்பேறியது. முடி கருகும் வாசனை வந்தது.

சொல். ஒரே வாக்கியம். சொல்.

"அக்கா..."

"ம்?"

சிவந்த விரல் நுனியை ஊதிக்கொண்டான்.

"ஒண்ணுமில்லக்கா."

அக்கா தலையை ஆட்டினாள். இரண்டு வருடமாகத் தேடிய பதில் கிடைத்துவிட்டவள்போலக் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, கண்களை மூடி, அமைதியாக உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் தேங்கியிருந்த மழைநீர், ஓரத்திலிருந்து, மெல்லக் கொதிக்க ஆரம்பித்தது.