பூட்டனின் குரல்

வெண்புலத் துறைமுகத்தில் காலை வரிசை நீண்டிருந்தது. பனி உருகி, அண்டார்டிகா மனிதர் வாழும் நாடாகிப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன. குடியேற வருபவர்களிடம் வாரிய உறுப்பினர் குலோத்துங்கன் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"எதுக்கு வந்தே?"

"பஞ்சம் ஐயா. ஊர்ல ஒண்ணும் விளையல," என்றாள் கைக்குழந்தைக்காரி.

"வயித்துக்கு வந்த கூட்டம். கப்பல்ல ஏத்து," என்று காவலரிடம் முகம் சுளித்தார். அறிவோடு வருபவருக்குக் குடியுரிமை. பசியோடு வருபவருக்குக் கப்பல். வாரியம் இயற்றிய சட்டம் அது.

வேலை முடிந்ததும் அவர் குரலகத்துக்குப் போனார். வெண்புலத்தில் காகிதம் கிடையாது. அங்கிருந்த செவிச்சுவர் கேட்டுப் பதிந்துகொண்டதே சாசனம். முதன்முதலில் குடியுரிமை பெற்றவர்களின் பிரமாணங்கள் குரலேடுகளாக அங்கே இருந்தன. அந்த மூதாதையரின் வழியாகத்தான் வாரிசுகளுக்கும் உரிமை. வாரியத் தலைவராகிறவர் தன் மூதாதையின் குரலைச் சபையில் ஒலிக்கவிடுவது மரபு. நாளை குலோத்துங்கன் பதவியேற்கிறார்.

"பூட்டனார் பேரு சடையனார். பெரிய பனியியல் அறிஞர். சீக்கிரம் தேடு," என்றார், குரலகக் காப்பாளர் மீனலோசனியிடம்.

"இருக்கு ஐயா. ஆனா செவிச்சுவர் முழிச்சிருக்கு. கேக்கும்போது பாத்துப் பேசுங்க."

"எனக்கே சட்டம் சொல்லித் தர்றியா? போடு."

அலைச்சத்தம் கேட்டது. பிறகு ஒரு நடுங்கும் குரல்: "பேரு சடையன் சாமி. இங்க சோறு கிடைக்கும்னு சொன்னாங்க. எந்த வேலைன்னாலும் செய்றேன்."

இன்னொரு குரல் சிரித்தது. "அடப்பாவி, நிக்கவே தெம்பில்லையே! முதல்ல போய்ச் சாப்பிடு. பிரமாணம் அப்புறம் எடுத்துக்கலாம்."

குலோத்துங்கனின் காது மடல் சிவந்தது. "வேற ஆளோட குரலேடு இது."

"மரபணு முத்திரை பொருந்துது ஐயா. வாரியத்துப் பெரியவங்க எல்லார் குரலேடும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். கேட்டுட்டு, அறிஞர் மாதிரி ஒரு செயற்கைக் குரல் செஞ்சு வாங்கிட்டுப் போயிடுவாங்க. உங்களுக்கும்..."

"சீ! இந்தப் பிச்சைக்காரன் என் பூட்டனே இல்ல!"

மீனலோசனி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். சுவரில் ஒரு வெள்ளை விளக்கு எரிந்தது.

"மறுப்பு ஏற்கப்பட்டது," என்றது செவிச்சுவர். "குலோத்துங்கன், மூதாதை இல்லாதவர். குடியுரிமை முடிந்தது. மாலைக் கப்பலில் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது."

"ஏய், கோவத்துல வந்த வார்த்தை அது! அழிச்சிடு!"

"சொன்னத அழிக்க எனக்கு அதிகாரம் இல்லையே," என்றாள் மீனலோசனி.

கத்தினார். சுவரைக் குத்தினார். தெரிந்தவர்களின் பெயர்களையெல்லாம் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு பெயருக்கும் சுவர், "அவர் குடிமக்களுடன் மட்டுமே பேசுவார்," என்றது. கடைசியில் நாற்காலியில் சரிந்தார்.

"தலை சுத்துதும்மா," என்றார். அந்த 'ம்மா' இப்போதுதான் அவர் வாயில் வந்தது. "பதவியேற்பு அலைச்சல்ல காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. ஏதாச்சும் இருந்தா..."

மீனலோசனியின் கை சாப்பாட்டு டப்பாவை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது.

"குடியுரிமை இல்லாதவங்களுக்குச் சோறு போட்டா என்னையும் கப்பல்ல ஏத்திடுவாங்க," என்றாள். "உங்க வாரியம் போட்ட சட்டம்."

டப்பாவை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.

"எழுந்திரிப்பா. கப்பலுக்கு நேரமாச்சு."