பெட்டி கொதித்தது, காற்று கொதிக்கவில்லை

கடைக்குள் வந்தவள் கடிதத்தை மேசைமேல் அறைந்த அறையில் திருகாணி டப்பா குதித்தது.

"படிங்க சார். சத்தமாப் படிங்க."

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அந்தக் கடையில் அப்போது அவளைத் தவிர இரண்டே பேர். ஒருவர் கடைக்காரர், எதற்கும் பதறாதவர் என்பதால் தெருவில் அவருக்கு 'நிதானம்' என்றே பெயர். மற்றவள் அவருடைய தங்கை. கடையில் பாதி வேலை அவளுடையது, அவசரம் முழுவதும் அவளுடையது. கடிதத்தைப் பிடுங்கியவளும் அவள்தான்.

"'...அஜாக்கிரதையால் கம்ப்யூட்டரைச் சூடாக்கிக் கெடுத்தபடியால் இன்று முதல் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்.' அடப்பாவி!"

"பதினோரு வருஷ வேலைக்கு இதுதான் மரியாதை," என்றாள் வந்தவள். செயற்கைப் பல் செய்யும் லேப் ஒன்றில் கம்ப்யூட்டரில் பல்லை வரைந்து கொடுப்பது அவள் வேலை. "பத்து நாளா, பெரிய வேலையா ஒரு முழுத் தாடையை வரைய ஆரம்பிச்சா அஞ்சு நிமிஷத்துல பெட்டி பட்டுனு அணைஞ்சுடுது. நான் சினிமா பார்த்துக் கெடுத்தேனாம்! ஒன்பது டாக்டருங்களுக்கும் போன் போட்டு, பல்லு தாமதமாகிறதுக்கு இவதான் காரணம்னு என் பேரைச் சொல்லியிருக்கார் முதலாளி. இனிமே எந்த லேப்ல சார் என்னைச் சேர்ப்பாங்க?"

"பெட்டி எங்கே?"

"அங்கேதான். வாங்க, இப்பவே வாங்க."

லேப்பில் நான்கு பேர் செயற்கைப் பற்களை மோட்டாரில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அச்சு வார்க்கும் வெள்ளைச் சாந்தின் தூள் ஜன்னல் கம்பி, நாற்காலிக் கால், சுவர்க் கடிகாரம் என்று எதையும் விடாமல் படிந்திருந்தது. முதலாளி எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு வந்தார்.

"ஓகோ, பஞ்சாயத்துக்கு ஆள் கூட்டிட்டு வந்தியா? நல்லாப் பாருங்க சார். பார்த்துட்டு, இவதான் கெடுத்தான்னு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. மூணு வருஷமா அந்தப் பெட்டியை ஒருத்தனும் திறந்ததில்லை. சாமான் விஷயத்துல நான் அவ்வளவு கறார். பல்லுக்கு அச்செடுக்கிற பசையைக்கூடப் பூட்டித்தான் வச்சிருக்கேன். சாவி என் இடுப்புல."

நிதானம் தலையாட்டிவிட்டுப் பக்கத்துத் தகட்டைக் கழற்றினார்.

"ஃபேன் போயிருக்கும் அண்ணே!" என்றாள் தங்கை. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. "அப்ப தூசி அடைச்சிருக்கும்." ஃபேனுக்கு அடியிலிருந்த உலோகத் தகடுகள் பளபளத்தன. அவள் முகம் தொங்கிப்போயிற்று.

"ஒரு தாடை வரைம்மா," என்றார் நிதானம்.

வேலை இழந்தவள் உட்கார்ந்து வரைந்தாள். திரையின் மூலையில் பிராசசரின் சூடு எழுபது, எண்பத்தைந்து, தொண்ணூற்றாறு என்று ஏறியது. ஃபேன் ஊளையிட்டது.

"வெளிய வர்ற காத்துல கையை வச்சுப் பாரு," என்றார் தங்கையிடம்.

"ஜில்லுனு இருக்கு அண்ணே!"

பெட்டி பட்டென்று அணைந்தது. நிதானம் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மோட்டார்களை நிறுத்திவிட்டு எல்லோரையும் வரச் சொன்னார்.

"அடுப்பு கொழுந்துவிட்டு எரியுது, மேல இருக்கிற பாத்திரம் சுடவே இல்லைன்னா என்ன அர்த்தம்? ரெண்டுக்கும் நடுவுல ஏதோ இருக்கு. அது ஒண்ணு. இந்த ரூம்ல கடிகாரத்துக்கே வெள்ளை அடிச்சிருக்கு; மூணு வருஷம் திறக்காத பெட்டிக்குள்ள தூசியே இல்லை. அப்ப யாரோ திறந்து துடைச்சிருக்காங்க. அது ரெண்டு."

நான்கு திருகாணிகளையும் கழற்றி, ஃபேனைத் தகடுகளோடு சேர்த்துத் தூக்கினார். பிராசசரின் முதுகில் நகக்கனத்துக்குப் பச்சை நிற ரப்பர் ஒன்று ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் கத்தியால் நறுவிசாகச் சீவப்பட்டிருந்தது.

"அட, இது நம்ம அச்செடுக்கிற பசையாச்சே!" என்றார் பல் தேய்ப்பவர்களில் மூத்தவர். "கொஞ்ச நேரத்துல ரப்பரா இறுகிடும்."

"அந்தப் பசை இருக்கிற அலமாரிச் சாவி?" என்றாள் தங்கை.

எல்லோரும் முதலாளியின் இடுப்பைப் பார்த்தார்கள்.

"லீவு நாளன்னிக்குச் சுத்தம் பண்ணினேன்," என்றார் அவர். "உள்ளே இருந்த பசை காஞ்சு உதிர்ந்துச்சு. பசைன்னா பசைதானே? இருக்கிறதுலயே உசத்தியானதைத்தான் வச்சேன்."

"அது சூட்டைக் கடத்துற பசைய்யா. இது சூட்டுக்குப் போர்வை." நிதானத்தின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "தெரியாம வச்சதை விடுங்க. மறுநாளே பெட்டி அணைஞ்சுது. அப்ப 'நான்தான் திறந்தேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கால் மணி நேர வேலை. பத்து நாள் வாயை மூடிக்கிட்டு, ஒருத்தி சோத்துல மண்ணை அள்ளிப் போடக் கை எப்படி ஐயா வந்துச்சு?"

தங்கை வாயைப் பிளந்து அண்ணனைப் பார்த்தாள். பிறகு பச்சை ரப்பரைச் சுரண்டி எடுத்துவிட்டு, சரியான பசையை ஒரு பொட்டளவு வைத்துத் திருகாணிகளை முடுக்கினாள். திரையில் முழுத் தாடையை வரைந்து சுழற்றியும் சூடு அறுபத்திரண்டைத் தாண்டவில்லை. வெளியே வந்த காற்று வெதுவெதுப்பாக இருந்தது.

"சரி, சரி," என்றார் முதலாளி கடிதத்தைக் கிழித்தபடி. "தப்பு என்னுதுதான். வந்து உக்காரும்மா."

அவள் உட்காரவில்லை. "எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நான் செய்யலைன்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்க ஒன்பது பேர் இருக்காங்க."

போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் மோட்டார் பக்கம் திரும்பவில்லை.

"வணக்கம் டாக்டர்... அந்தக் கம்ப்யூட்டர் விஷயம்... அந்தப் பொண்ணு இல்லைங்க. கெடுத்தது நான்தான். ஆமா, நானேதான்." போனை வைத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த நம்பர்," என்றாள் அவள்.