பிரைமர் குடிக்காத சுவர்

பட்டி பூசும் தகட்டின் விளிம்பு மழுங்கிய பிறகும் அவன் சுவரைச் சுரண்டிக்கொண்டேயிருந்தான். காலையில், பெயிண்டுக்கு முன்னதாகத் தன் கையாலேயே அடித்த வெள்ளை பிரைமர் சுருள் சுருளாகக் கழன்று காலடியில் விழுந்தது; நகக்கண்ணுக்குள் புகுந்து எரிந்தது. நிறுத்தப் பயமாக இருந்தது. நிறுத்தினால் அந்தச் சத்தம் கேட்கும்.

சுவருக்குள்ளிருந்து வரும் இளைப்பு. இழுத்து, ஒரு கணம் நின்று, மெல்லிய விசிலோடு வெளியே விடும் மூச்சு.

அது அண்ணனின் மூச்சு. ஒரே அறையில் படுத்து, இருபது வருடம் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கியவனுக்குத் தெரியாதா?

அண்ணன் கொத்தனார். பூச்சில் நூலளவு பிசகினாலும் உதிர்த்துவிட்டு மறுபடி பூசுகிற ஆள் என்பதால் வேலையிடங்களில் அவனுக்கு, மட்டம் பார்க்கும் கருவியின் பெயரான ‘ரசமட்டம்’ என்றே பெயர். இந்த மாடி அறையைப் பூச வந்தவன் வீடு திரும்பாமல் இருபத்தாறு நாள் ஆகிறது. போன் அணைந்துவிட்டது. தேடாத இடம் இல்லை. பெயிண்டரான தம்பி இந்த வேலையைக் கேட்டு வாங்கியதே, இங்கே ஏதாவது துப்புக் கிடைக்காதா என்றுதான்.

வீட்டுக்கார அம்மாவிடம் முதல் நாளே கேட்டுப் பார்த்தான்.

“சொல்லாம கொள்ளாம போயிட்டாருப்பா. சாமானக்கூட எடுக்கல.”

“மேல வந்து பாத்தீங்களாம்மா?”

“நானா? அந்தப் படிக்கும் என் முட்டிக்கும் ஆகாது. நீயே பாத்துட்டு வந்து சொல்லு, என் வீடு எப்படி இருக்குன்னு.”

அறையில் அண்ணனின் கரண்டியும் உளியும் மூலையில் கிடந்தன. ஒரு சுவரில் ஜன்னல், ஒன்றில் கதவு, இரண்டு வெறும் சுவர். புதுப் பூச்சில் ஈரம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, நான்கிலும் முழ அகல பாலித்தீன் தாளை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுப் போனான். மறுநாள் மூன்று தாள்கள் காய்ந்து கிடந்தன. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இருந்த தாள் மட்டும் உள்பக்கம் வேர்த்திருந்தது. அதோடு, மெல்ல உப்பியது. மெல்ல ஒட்டியது. மறுபடி உப்பியது.

காற்று என்று நினைத்துக்கொண்டான். ஜன்னல் மூடியிருந்ததை அவன் யோசிக்கவில்லை.

யோசித்திருக்க வேண்டும். மற்ற மூன்று சுவர்களிலும் பூச்சைத் தேய்த்த மட்டக்கட்டையின் தடமும் ஊசித் துளைகளும் இருந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் அரை நாள் போனது. இதில் தேய்க்க ஒன்றுமே இல்லை. உள்ளங்கையை வைத்தால் தோல் போல வழுக்கியது. லேசான வெதுவெதுப்பு. ரசமட்டம்னா ரசமட்டம்தான் என்று தனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டு, துடைத்து, ஈரத்தோடேயே பிரைமரை அடித்துவிட்டான்.

“செவுரு மூச்சு விட்டு முடிக்கட்டும்டா, அப்புறம் அடி” என்று அண்ணன் எத்தனை தடவை திட்டியிருப்பான். புதுப் பூச்சு பிரைமரைத் தண்ணீர் போலக் குடிக்கும். மூன்று சுவர்கள் குடித்தன. இது குடிக்கவில்லை. பால் ஆடை போலப் பிரைமர் மேலேயே மிதந்து நின்றது.

பிறகுதான் அந்த இளைப்பு தொடங்கியது. மூச்சடைத்தவனின் இளைப்பு.

இருபத்தாறு நாள் ஒரு மனிதன் சுவருக்குள் எப்படி உயிரோடு இருப்பான் என்று புத்தி கேட்டது. காது அதை நம்பவில்லை. மதிய வெயில் ஜன்னல் வழியே பளீரென்று விழுந்துகொண்டிருந்தது. இளைப்பு குறுகிக்கொண்டே வந்தது. இழுப்பு. விசில். இழுப்பு.

தகட்டை எறிந்துவிட்டு உளியை எடுத்தான். தோள் உயரத்தில் குத்தினான். பூச்சு உதிரவில்லை. பிய்ந்தது. சுண்ணாம்பு வாசனை இல்லை. நெடுநாள் மூடிக் கிடந்த வாயின் வாசனை. விரலளவு ஆழம். சாண் ஆழம். செங்கல் வரவில்லை.

கையை உள்ளே விட்டான். முழங்கை வரை போனது.

விரல்கள் தட்டுப்பட்டன. சூடான விரல்கள். அவன் விரல்களைப் பற்றிக்கொண்டன.

“அண்ணே.” துளையருகே முகத்தை வைத்துச் சொன்னான். “பயப்படாத. நான் வந்துட்டேன். விட மாட்டேன்.”

உள்ளே இளைப்பு தணிந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. இடக்கையால் எடுத்தான். அண்ணி.

“தம்பி, உங்க அண்ணன் வந்துட்டாரு.” அழுகையும் சிரிப்புமாகக் குழறினாள். “இப்பத்தான். தாடியும் மீசையுமா வந்து நிக்கிறாரு. எங்க போனீங்கன்னு கேட்டா வாயே திறக்கல. நீங்க அந்த வீட்டுல வேலை பாக்குறீங்கன்னு சொன்னதும் போனைப் பிடுங்குறாரு. இருங்க.”

அவன் போனைக் காதோடு அழுத்தினான்.

“டேய்.” போனில் அண்ணனின் இளைப்பு. சுவருக்குள்ளும் அதே இளைப்பு. “அந்த ரூமை விட்டு வெளிய வா.”

“அண்ணே…”

“கேள்வி கேக்காத. நான் பூசினது மூணு செவுருதான்டா. ஒரு நாள் காலைல வந்து பாத்தா நாலு நின்னுச்சு. அதான் ஓடினேன்.”

“அப்ப ஜன்னலுக்கு எதிர்ல…”

“அது பால்கனி பக்கம். வெட்டவெளி. அங்க செவுரே கட்டலடா.”

குழிக்குள் அவன் விரல்களைப் பற்றியிருந்த கை மெல்ல மணிக்கட்டுக்கு ஏறியது. அதன் பின்னாலிருந்து இன்னொரு கை வந்து முழங்கையைப் பிடித்தது. அதற்கும் பின்னாலிருந்து இன்னொன்று.